வீட்டுக்கே வரும் அந்திமகாலப் பராமரிப்பு: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் மதிப்பீடு எழுதுவது நான்தான். ரைஸ் குக்கர், தோசைக்கல், இங்கே சிங்கப்பூர் தேக்காவில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை, எதையும் விட்டதில்லை. இதையும் எழுதப்போகிறேன் என்றதும் என் கணவர், "சாவு வீட்டுக்கு வந்தவங்களுக்கும் நட்சத்திரம் போடுவியா?" என்று கேட்டார். போடுவேன். போன வருடம் ஓர் இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் இதைப் பற்றித் தமிழில் தேடினேன். கண்ணில் பட்டது ஒரு கட்டில் விளம்பரமும் மூலிகை எண்ணெய் விளம்பரமும்தான். இன்றைக்கும் யாராவது ஒருத்தி அப்படித் தேடிக்கொண்டிருப்பாள். அவளுக்காக எழுதுகிறேன்.

சேவையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அவர்களுடைய பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை.

முதலில் மாமாவைப் பற்றி. என் கணவரின் அப்பா. வயது 74. 31 வருடம் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்குகளில் நடு ராத்திரி லிஃப்ட் நின்றுபோய், உள்ளே யாராவது மாட்டிக்கொண்டு அலறினால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுகிற ஆள். ஓய்வு பெற்ற பிறகும் எந்த புளோக்குக்குப் போனாலும் லிஃப்டுக்குள் ஏறியதும் பேச்சை நிறுத்திவிடுவார். சத்தத்தைக் கேட்பார். "கைடு ஷூ தேஞ்சிருக்கு" என்பார். நாங்கள் விருந்துக்குப் போயிருப்போம்.

நுரையீரல் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. இரண்டு சுற்று சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் இனி ஊசி மருந்து உடம்பைத்தான் வருத்தும் என்று சொல்லி, வீட்டுக்கு வந்து பார்க்கும் குழுவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்தச் சேவைக்குப் பொதுவாக மருத்துவரின் பரிந்துரை வேண்டும். நாங்கள் கடிதம் வாங்கிய மூன்றாம் நாள் தாதி ஒருவர் வாசலில் நின்றார். அன்றிலிருந்து பதினொரு வாரம்.

காசு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்பது அதைத்தான். தாதி, மருத்துவர், சமூக ஊழியர் வருகைக்கு எங்களிடம் ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை. கட்டில் இரவல். ஆக்சிஜன் இயந்திரத்துக்கு வாடகை உண்டு, அதைவிட அது இழுத்த மின்சாரக் கட்டணம் அதிகம். அத்தைக்கு இது நம்பவே முடியவில்லை. "சும்மா யாரு செய்வா, பின்னாடி பில்லு வரும் பாரு" என்று பதினொரு வாரமும் சொல்லிக்கொண்டிருந்தார். நன்கொடையிலும் அரசாங்க உதவியிலும் ஓடுகிறது என்று சமூக ஊழியர் விளக்கினார். 1985ல் செயின்ட் ஜோசப் முதியோர் இல்லத்தில் கன்னியாஸ்திரிகள் 16 கட்டில்களை ஒதுக்கியதுதான் சிங்கப்பூரில் இதன் ஆரம்பம் என்றும் சொன்னார். அத்தை தலையை ஆட்டிவிட்டு அவருக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தார், பில்லுக்கு முன்பணம் மாதிரி.

தாதி சீனர், ஐம்பது வயதிருக்கும். மாமாவுக்கு ஆங்கிலம் லிஃப்ட் பாகங்களின் பெயரோடு முடிந்துவிடும். ஆனால் பழைய ஆள், சந்தை மலாய் வரும். "சக்கிட் மானா, அங்கிள்?" என்று தாதி கேட்பார். எங்கே வலிக்கிறது? மாமா இடுப்பைத் தொட்டு "சினி, சிக்கிட்" என்பார். இங்கே, கொஞ்சம். தாதி அவர் முகத்தைப் பார்த்து, "சிக்கிட் இல்லை, பாஞாக்" என்று சிரிப்பார். கொஞ்சம் இல்லை, நிறைய. இரண்டு பேரும் இந்த மொழியில் அற்புதமாகக் குடும்பம் நடத்தினார்கள். மலம், மூத்திரம், தூக்கம், பசி, வாந்தி எல்லாவற்றுக்கும் மலாயில் சொல் இருந்தது.

மார்ஃபின் வந்த நாள் வீட்டில் ஒரு சின்னப் போர். "போதைப் பொருளாச்சே! போலீஸ் வராதா?" என்று அத்தை. மண்டாய் தகனச்சாலைக்குப் போவதற்கு முன்னால் சாங்கி ஜெயிலுக்குப் போக வேண்டுமா என்று மாமா கேட்டார், கிண்டலாகத்தான். மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மிகச் சிறிய அளவில் தருகிறோம், அளந்து தந்தால் இது ஆளைச் சீக்கிரம் அனுப்பிவிடாது, பழக்கமும் ஆகிவிடாது, மலச்சிக்கல்தான் நிச்சயம் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து என்று தாதி ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டினார். முதல் வேளை 2.5 மில்லிகிராம். அத்தை அதைக் கோவில் தீர்த்தம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

அப்புறம் அந்த விசிறி. முஸ்தபா கடையில் ஆறு வெள்ளிக்கு வாங்கிய கையடக்க பேட்டரி விசிறி. வாங்கச் சொன்னது தாதிதான். மூச்சு வாங்கும்போது மூக்குக்கும் கன்னத்துக்கும் நேராகப் பிடித்தால் திணறல் குறைந்த மாதிரி மூளைக்குத் தோன்றும் என்றார். நான் நம்பவில்லை. ஆக்சிஜன் இயந்திரம் பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும்போது ஆறு வெள்ளி விசிறி என்ன செய்துவிடும்? செய்தது. மூச்சு முட்டும், உடனே பயம் வரும், பயத்தில் இன்னும் முட்டும். அந்தச் சுற்றுக்கு நடுவில் விசிறி போய் நின்றது. தன் கையிலேயே பிடித்துக்கொள்ளலாம், யாரையும் கூப்பிட வேண்டாம் என்பதும் மாமாவுக்குப் பிடித்துப்போனது. பொருளுக்கு மட்டும் நட்சத்திரம் என்றால் இதற்கு ஐந்துக்கு ஆறு.

இதுவரை உடம்பு. நான் எழுத வந்தது மனதைப் பற்றி. அரை நட்சத்திரம் விழுந்ததும் அங்கேதான்.

இரண்டாவது வாரம் சமூக ஊழியர் வந்தார். இளம் பெண், சீனர், மிக மென்மையான குரல். மாமாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒன்று கேட்டார். இப்போது உங்கள் மனதில் மிகவும் பாரமாக இருப்பது எது? என்னைப் பார்த்தார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். கணவர் வேலையில். அத்தை வாசல்படியில்.

நான் சொன்னது: "மாமா, ஏதாச்சும் வேணுமான்னு கேக்குறாங்க."

"ஒண்ணும் வேணாம். அந்தப் பிள்ளைக்குக் காப்பி குடு."

நான் ஆங்கிலத்தில் சொன்னது: அவர் நன்றாக இருக்கிறாராம்.

அடுத்து, வரப்போவதை நினைத்துப் பயமாக இருக்கிறதா என்று கேட்டார். நான் "ராத்திரி தூக்கம் வருதா?" என்று மாற்றிவிட்டேன். பதினெட்டு வருடம் மாமா என்று கூப்பிட்ட மனிதரிடம், அவர் முன்னால் உட்கார்ந்து சத்தமாகக்கூடப் பேசாத நான், சாகப் பயமா என்று எப்படிக் கேட்பேன்? அந்தப் பெண் ஒரு மணி நேரம் அருமையான கேள்விகளாகக் கேட்டார். ஒன்றுகூட மாமாவைப் போய்ச் சேரவில்லை. எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டவள் நான். கோப்பில் "நோயாளி அமைதியாக இருக்கிறார்" என்று எழுதியிருப்பார்கள், என் புண்ணியத்தில்.

இதை அந்தப் பெண்ணின் குறையாகச் சொல்லமாட்டேன். வீட்டு ஆளை மொழிபெயர்க்க வைப்பதுதான் குறை. மருந்து நேரத்தைக் கேட்டுச் சொல்லலாம். இந்த மாதிரிக் கேள்வியை மகளோ மருமகளோ கேட்டுச் சொல்லக் கூடாது. தமிழ் பேசும் ஆள் வேண்டும் என்று நான் கேட்டதும் உடனே குறித்துக்கொண்டார்கள், ஆனால் ஆள் வரக் கூடுதலாக மூன்று வாரம் ஆனது. பதினொரு வாரத்தில் மூன்று வாரம் சின்னக் கணக்கில்லை. முதல் நாளே அவர்கள் கேட்டிருக்க வேண்டும். நானும் கேட்டிருக்க வேண்டும், சரி.

இதற்கிடையில் துண்டுப் பிரசுரக் கதை. கடைசி நாள்களில் உடம்பில் என்னென்ன மாறும் என்று ஒரு சின்னக் கையேடு கொடுத்தார்கள். நான்கு மொழியிலும் இருக்கிறது என்று பெருமையாகத் தமிழ்ப் பிரதியையும் வைத்துவிட்டுப் போனார்கள். தலைப்பு: "இறக்கும் செயல்முறையின்போது எதிர்பார்க்கப்பட வேண்டியவை". ஏதோ துணி துவைக்கும் இயந்திரத்தின் வழிகாட்டி என்று நினைத்துவிடுவோம். மலேசியாவில் ஜோகூரிலிருக்கும் நாத்தனார், "அப்பாகிட்ட எதுவும் சொல்லக் கூடாது, மனசு விட்டுடுவாரு" என்று தினமும் போனில் சத்தியம் வாங்கிக்கொண்டிருந்ததால் அந்தக் கையேட்டைச் சமையலறை இழுப்பறையில் பிளாஸ்டிக் பைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

நான்கு நாள் கழித்து அது மாமாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கள் பணிப்பெண் ஜாவாக்காரி. மாமா ஏதோ படிக்கக் கேட்டிருக்கிறார். தமிழ் எழுத்தாக இருக்கிறதே என்று இழுப்பறையிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மாமா தினமும் தமிழ் முரசை வரி விடாமல் படித்து, பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் சுழிக்கிற ஆள். கையேட்டையும் விடவில்லை. தலைப்பை அடித்துவிட்டு மேலே எழுதியிருந்தார்: "கடைசி நாள்களில் என்ன நடக்கும்". உள்ளே ஏழு இடத்தில் ஒற்று விட்டிருந்தார்கள், போட்டிருந்தார். "சுவாசமானது ஒழுங்கற்றதாக மாறக்கூடும்" என்பதை "மூச்சு விட்டு விட்டு வரும்" என்று மாற்றியிருந்தார். கை நடுங்கி எழுதிய எழுத்து. என்னைப் பார்த்ததும் நீட்டினார்.

"இத அவங்ககிட்ட குடுத்துடு. அடுத்த தடவ அச்சடிக்கிறப்ப திருத்திக்கட்டும்."

நான் அழுதுவிட்டேன். "தெரியுமா மாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"31 வருஷம் மோட்டார் சத்தம் கேட்டவனுக்கு இது தெரியாதா?"

நாத்தனாரிடம் தாதிதான் பேசினார். நாங்களாகப் போய் அவரிடம் எதையும் சொல்லப்போவதில்லை, ஆனால் அவர் கேட்டால் பொய் சொல்லமாட்டோம் என்றார், அவ்வளவுதான். தெரிந்துகொண்டே தெரியாதவர் மாதிரி நடிப்பது நோயாளிக்குத்தான் பெரிய வேலை என்றும் சொன்னார். நாத்தனார் அந்த வார இறுதியே பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார்.

ஐந்தாவது வாரம் தமிழ்த் தொண்டூழியர் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது. மனைவியை இதே சேவையில் வைத்துப் பார்த்துக்கொண்டவராம், பிறகு பயிற்சி எடுத்துத் தொண்டூழியராகச் சேர்ந்தார். முதல் இரண்டு வருகையில் எனக்கு ஏமாற்றம். மனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிரேன் கம்பியும் லிஃப்ட் கம்பியும் எத்தனை வருடம் தாங்கும் என்று இரண்டு கிழவர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். லிஃப்டில் எதிர் எடை எப்படிப் போடுவது, காலிப் பெட்டியின் எடையோடு முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து, என்று மாமா கையால் தராசு மாதிரி காட்டினார். மூச்சு வாங்கியது. விசிறியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். இதற்கா மூன்று வாரம் காத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வருகை. நான் சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆக்சிஜன் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் மாமாவின் குரல் கேட்டது.

"ஒண்ணு கேக்கணும். யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல."

"கேளுங்கண்ணே."

"நான் போனப்புறம் என்னைய எப்படிக் கீழ எறக்குவாங்க?"

கத்தி நின்றுவிட்டது. அவர் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் "ஏன் மாமா அதெல்லாம் நினைக்கிறீங்க" என்றிருப்பேன். அவர், "ஏன், லிஃப்டு சின்னதா இருக்குன்னா?" என்று கேட்டார்.

அப்புறம் மாமா சொன்னார். அவருடைய அம்மா 1988ல் இறந்தார். அப்போது குடியிருந்தது ஏழாவது மாடி. அந்தக் காலத்து புளோக்குகள் பலவற்றில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. அவர்கள் புளோக்கில் ஒன்று, ஐந்து, ஒன்பது. எல்லா மாடியிலும் நிற்கிற மாதிரி வீவக மாற்ற ஆரம்பித்ததே 2001ல்தான். ஐந்தாம் மாடி வரை தூக்கிப்போய் அங்கே லிஃப்டில் ஏற்றலாம் என்றால் பெட்டி உள்ளே நுழையவில்லை. ஏழு மாடியும் படிக்கட்டில்தான். திருப்பத்தில் பெட்டி சுவரில் இடித்தது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும். "டொக்குனு ஒரு சத்தம். உள்ள எங்கம்மா. நான் லிஃப்டுக்காரன். ஊர்ல உள்ளவனையெல்லாம் எறக்கிவிட்டேன், எங்கம்மாவ லிஃப்டுல எறக்க முடியல."

என் கணவருக்கே இந்தக் கதை தெரியாது. ஒரு மகன் இருந்தும், முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை.

தொண்டூழியர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அளந்து பாத்துரலாமாண்ணே?" என்றார்.

அளந்தார்கள். அன்று மாலை கணவர் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் டேப்பை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனார்கள். பக்கத்து வீட்டு மலாய் மாமி, ஃப்ரிட்ஜ் வாங்குகிறீர்களா என்று கேட்டார். தாதி ஈமச்சடங்கு நடத்துபவர் ஒருவரிடம் பேசி, மடக்கும் தூக்குப்படுக்கையில் பட்டையால் கட்டிச் சாய்த்துக் கொண்டுபோவார்கள், பெட்டி கீழே வெற்றுத்தளத்தில்தான் என்று உறுதி செய்துகொண்டார். மாமாவிடம் அளவை எழுதிக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மூலைக்கு மூல அளந்தீங்களா?" என்று கேட்டார். அளக்கவில்லை. மறுபடி போய் அளந்தார்கள்.

அன்று இரவு ஆறு மணி நேரம் தூங்கினார். மருந்தின் அளவையும் அன்றுதான் கூட்டியிருந்தார்கள், அதனால் எதற்கு எவ்வளவு பங்கு என்று நான் சொல்லமாட்டேன்.

பிறகு ஒரு நாள் தாதியிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. 1967ல் லண்டனில் நவீன ஹாஸ்பிஸை, அதாவது அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் "முழு வலி" என்று சொன்னாராம். உடம்பு, மனம், குடும்பம், சாமி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு வலிக்கும், ஒன்றை மட்டும் பிரித்து மருந்து கொடுக்க முடியாது. நாங்களும் இடுப்பு வலி என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போனோம், படிக்கட்டு யாருக்குத் தெரியும் என்றார்.

ஒன்பதாவது வாரம் ஒரு மோசமான இரவு. விடியற்காலை மூன்று மணி. மாமா கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "பிரேக் பிடிக்கல, ஆள் உள்ள இருக்கு, தொறங்கடா" என்று கத்தினார். என்னை யாரென்று தெரியவில்லை. அத்தை விபூதியைத் தேடி ஓடினார். 24 மணி நேர எண்ணுக்கு அழைத்தேன். எடுக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது. இன்னொரு அரை நட்சத்திரம் அங்கே போனது. அந்த எண்ணை நம்பித்தான் நாங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் இருந்தோம்.

எடுத்தவர் நிதானமானவர். கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பணிப்பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு. அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கல் மாதிரி இருந்தது. நாலரைக்குத் தாதி வந்து குழாய் வைத்தார். பை நிறைந்தது. அரை மணி நேரத்தில் மாமா அடங்கினார். இந்தக் குழப்பம் பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், காய்ச்சல், மருந்து எதனாலும் வரலாம், முதலில் காரணத்தைத் தேட வேண்டும் என்றார் தாதி. சின்ன விளக்கை எரியவிடுங்கள், தேதியும் நேரமும் சொல்லுங்கள், வாதாடாதீர்கள். அத்தை விபூதியோடு நிற்பதைப் பார்த்து, அதையும் பூசுங்கள் என்று கையால் காட்டினார். அடுத்த முறை மாமா பிரேக் என்று புலம்பியபோது என் மகன் எந்தப் பயமும் இல்லாமல், "தாத்தா, எல்லாரும் வெளிய வந்துட்டாங்க" என்றான். அவனுக்கு ஒன்பது வயது. மாமா "சரி" என்று தூங்கிவிட்டார்.

எங்களைக் கவனித்தது பற்றியும் சொல்ல வேண்டும். சமூக ஊழியர் ஒரு நாள் மாமாவைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்து, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றார். இது எப்போது முடியும் என்று சில சமயம் நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைப் பொத்திக்கொண்டேன். இந்த வாரம் இதைச் சொன்ன மூன்றாவது ஆள் நீங்கள் என்றார் அவர். புதன்கிழமைகளில் மூன்று மணி நேரம் தொண்டூழியர் இருப்பார், வெளியே போய்வாருங்கள் என்றார். முதல் புதன் மீன் வாங்கத் தேக்காவுக்குக் கிளம்பினேன். எம்ஆர்டி ரயில் நிலையம் வரைகூடப் போகவில்லை. கீழே கோப்பிக்கடையில் ஒரு தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தே ஆறிப்போனது. மீன் வாங்கவில்லை. அன்று சாம்பார்.

பணிப்பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியவரும் இந்தத் தாதிதான். எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவளுடைய தாத்தா இறந்தபோது ஊருக்குப் போக முடியவில்லையாம். நாலு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள், இதைத் தாதி கேட்டுத்தான் எங்களுக்குத் தெரியும்.

கடைசி இரண்டு நாள் மாமா கண்ணைத் திறக்கவில்லை. தொண்டையில் கரகரவென்று சத்தம். கேட்கத்தான் பயங்கரம், அவருக்கு அது தெரியாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று தாதி முன்பே சொல்லியிருந்ததால் யாரும் அலறவில்லை. காது கடைசி வரை கேட்கலாம் என்றார். ஒலி 96.8 தமிழ் வானொலியை மெதுவாக வைத்தோம். விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு மூச்சு விட்டு விட்டு வந்து, அடுத்தது வரவில்லை. மாமா திருத்தி எழுதிய மாதிரியேதான்.

மருத்துவர் ஒரு மணி நேரத்தில் வந்து சான்றளித்தார். மரணத்தைப் பதிய எங்கேயும் போய் வரிசையில் நிற்க வேண்டாம். 2022 மே 29லிருந்து மருத்துவர் சான்றளித்தாலே பதிவாகிவிடுகிறது, மின்னிலக்கச் சான்றிதழை நாமே பதிவிறக்கிக்கொள்ளலாம். அந்தக் காலையில் அது பெரிய உதவி.

லிஃப்ட் வேலை செய்தது. ஈமச்சடங்கு ஆள்கள் இரண்டு பேர், கணவர், தொண்டூழியர். நான் வாசலில் நின்றேன். கதவு மூடும்வரை கணவர் ஒரு கையால் கதவோரத்தையும் இன்னொரு கையால் தூக்குப்படுக்கையின் தலைமாட்டையும் பிடித்திருந்தார். எங்கேயும் இடிக்கவில்லை.

2014ல் லியன் அறநிறுவனம் எடுத்த கருத்தாய்வில் 77 விழுக்காட்டினர் வீட்டிலேயே இறக்க விரும்புவதாகச் சொன்னார்கள். விரும்புவது சுலபம். அதற்கு ஒரு கட்டில், ஒரு விசிறி, மலாய் பேசும் ஒரு தாதி, டேப் வைத்திருக்கும் ஒரு கிழவர் எல்லாம் வேண்டியிருக்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வாரம் கழித்துச் சமூக ஊழியர் அழைத்தார், மூன்றாம் மாதமும் அழைத்தார். துக்கத்தில் இருப்பவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று இருக்கிறது, அத்தையை அழைத்து வாருங்கள் என்றார். ஆங்கிலத்தில் ஒன்று, மாண்டரினில் ஒன்று. அத்தை எதில் உட்காருவார்? தொண்டூழியர் மட்டும் அவராகவே மாதம் ஒரு முறை வந்து காப்பி குடித்துவிட்டு, அத்தை பேசுவதைக் கேட்டுவிட்டுப் போகிறார். கட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பில் வரவில்லை. அத்தை இன்னும் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கருத்துப் படிவம் ஒன்றும் வந்தது. ஆங்கிலத்தில் பதினான்கு கேள்வி, ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டமிட வேண்டும். வட்டமிட்டேன். கடைசியில் "வேறு ஏதேனும்" என்று ஒரு பெரிய கட்டம். அதில் மேலே எழுதியதில் பாதியைத் தமிழிலேயே எழுதினேன், ஒற்றுப் பிழை இல்லாமல், மாமாவின் சிவப்புப் பேனாவால். கூடவே அவர் திருத்திய கையேட்டின் நகலையும் வைத்தேன். பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். மிகவும் மரியாதையாக, மிகவும் சங்கடமாக, நான் எழுதியதை ஆங்கிலத்தில் கொஞ்சம் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை தொண்டூழியர் அங்கே வருவார், அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள் என்றேன்.